அறைக்குள் நால்வர்: புகழின் உச்சியில் பீட்டில்ஸ் நாள்களை எப்படிக் கழித்தார்கள்?

தாழ்வாரம் (இழையைத் தொடங்கியவர்)

நேற்று இரவு ஓர் ஓவியத்தின் நிழற்படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே தாள். நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு பேர் உள்நோக்கி வரைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். நடுவில் மட்டும் வட்டமாக ஓர் இடம் வண்ணம் படாமல் கிடக்கிறது. வரையும்போது அங்கே மேசை விளக்கு நின்றிருந்தது. விளக்கை எடுத்த பிறகு அந்த வட்டத்துக்குள் நால்வரும் கையெழுத்திட்டிருக்கிறார்கள். 1966 ஜூன் கடைசியில் தோக்கியோ ஹில்டன் ஓட்டலில் லிவர்பூல் ராக் குழுவான பீட்டில்ஸின் நால்வரும் (ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார்) சேர்ந்து வரைந்தது. 2024 பிப்ரவரியில் நியூயார்க் ஏலத்தில் 17 லட்சம் டாலரைத் தாண்டிப் போனது.

விலையை விடுங்கள். அவர்கள் ஏன் உட்கார்ந்து வரைந்தார்கள் என்பதுதான் என் கேள்வி. வெளியே போக வழியில்லை என்பதுதான் காரணம். கச்சேரி நடந்த புடோகான், தற்காப்புக் கலைகளுக்காக எழுப்பிய அரங்கம். அங்கே மேல்நாட்டுக் கூச்சலா என்று வலதுசாரிகள் கொதித்தார்கள், மிரட்டல் வந்தது. அரசு 35,000 காவலர்களை இறக்கியது. ஓட்டலிலிருந்து அரங்கத்துக்குப் புறப்படும் நிமிடம் முதல் திரும்பும் நிமிடம் வரை காவல்துறை அட்டவணை போட்டிருந்தது.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஜூன் 29 விடியற்காலையில் இறங்கினார்கள், ஜூலை 3 காலையில் கிளம்பினார்கள். சுமார் நூறு மணி நேரம். அதில் ஐந்து கச்சேரிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி. மேடையில் நின்றது மொத்தமே இரண்டரை மணி நேரம். மீதி முழுவதும் அறையும் காரும்தான்.

ராக் அண்ட் ரோல் நட்சத்திரத்தின் வாழ்க்கை என்றதும் நமக்குத் தோன்றும் படம் வேறு. விருந்து, கூத்து, உலகத்தையே சுற்றி வருவது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போயிருக்கும்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கற்பூரவள்ளி

கடைக்குப் போக முடியாததால் கடையையே அறைக்கு வரவழைத்தார்கள். கிமோனோ, கலைப்பொருள் என்று தோக்கியோ வியாபாரிகள் ஓட்டலுக்கே கொண்டுவந்து விரித்தார்கள். பால் மெக்கார்ட்னி ஒருமுறை உதவியாளரோடு நழுவி அரண்மனைப் பக்கம் நடக்கப் போனார். காவலர்கள் பிடித்து மறுபடியும் அறைக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பள்ளிக்கூடத்துச் சுவர் ஏறிக் குதித்த பையனுக்கு நடப்பதுதான்.

---

கணக்குப்பிள்ளை

கண்ணீர் விடும் முன் கொஞ்சம் எண்களையும் பார்த்துவிடலாமே.

1964 செப்டம்பர் 17, கன்சாஸ் சிட்டி. அமெரிக்கப் பயணத்தில் ஓய்வுக்காக விட்டிருந்த நாள் அது. பேஸ்பால் அணி முதலாளி சார்லி ஃபின்லி தன் ஊரிலும் பாடியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். தொகையை ஏற்றிக்கொண்டே போய் 1,50,000 டாலரில் நிறுத்தினார். பாடியது அரை மணிக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,800 டாலர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே விளையாட்டரங்கில் 55,600 பேர், வசூல் 3,04,000 டாலர்.

இவர்கள் அறைக்குள் சும்மா உட்கார்ந்திருந்ததற்கும் சேர்த்துத்தான் அந்தப் பணம். சுரங்கத்தில் இறங்கிய லிவர்பூல்காரர்களும் லங்காஷயர்காரர்களும் நாளெல்லாம் அடைந்துதான் கிடந்தார்கள். அவர்களுக்கு யாரும் தாளும் வண்ணமும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

---

தாழ்வாரம்

கணக்குப்பிள்ளை அவர்களே, நான் கண்ணீர் விடவில்லை. ஒரு நாள் எப்படிப் போயிற்று என்றுதான் கேட்டேன். பணம் வந்தது உண்மை. அந்தப் பணத்தைக் கொண்டு ஒரு தேநீர்க்கடைக்குப் போக முடிந்ததா?

கன்சாஸ் சிட்டியைச் சொன்னதால் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவர்கள் ஓட்டலைக் காலி செய்ததும் படுத்திருந்த விரிப்புகளை வியாபாரிகள் விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, இன்னார் படுத்த துணி என்று சான்றிதழோடு விற்றார்கள். தூங்கி எழுந்ததும் தன் படுக்கை சந்தைக்குப் போகிறது என்று தெரிந்த மனிதனுக்குத் தூக்கம் எப்படி இருந்திருக்கும்?

---

கணக்குப்பிள்ளை

நன்றாகவே இருந்திருக்கும். அசதியில் தூக்கம் தானாக வரும்.

ஆனால் ஒன்றை நானே ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பணத்தில் பெரும்பங்கு அவர்கள் கையில் தங்கவில்லை. மேலாளர் பிரையன் எப்ஸ்டைனின் பங்கு 25 விழுக்காடு. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் வருமானவரி, உச்சப்படியில் பவுண்டுக்கு, அதாவது 20 ஷில்லிங்குக்கு, 19 ஷில்லிங்கை ஒட்டி வெட்டியது. 1966இல் ஜார்ஜ் ஹாரிசன் வரி வசூலிப்பவரைப் பற்றியே ஒரு பாட்டு எழுதினார் என்றால் எரிச்சல் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஆர்மோனியப்பெட்டி

நான் இருபது ஆண்டு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன். எல்லோரும் அறையைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு அந்த மேடைதான் பெரிய சிறையாகத் தெரிகிறது.

கோயில் திருவிழா மேடையில் எனக்கு முன்னால் இருக்கும் மானிட்டர் பெட்டி (நாங்கள் வாசிப்பதை எங்களுக்கே கேட்க வைக்கும் ஒலிபெருக்கி) ஒரு பாட்டுக்கு வேலை செய்யாமல் போனாலே கை நடுங்கும். பாடகர் எந்தச் சுருதியில் இருக்கிறார், தாளம் எங்கே போகிறது, எதுவும் தெரியாது. பீட்டில்ஸ் காலத்தில் மானிட்டர் என்ற பொருளே மேடையில் கிடையாது. ஷே அரங்கத்துக்காக வாக்ஸ் நிறுவனம் தனியாக 100 வாட் ஒலிபெருக்கிகள் செய்து கொடுத்தது. 55,000 பேருக்கு 100 வாட்! இன்று ஒரு கல்யாண மண்டபத்தில் அதை வைத்தால் சாப்பாட்டுப் பந்தியில் கேட்காது. பாட்டுக் குரல் போனதோ, ஆட்டத்தின் நடுவே அறிவிப்புச் சொல்ல வைத்திருந்த அரங்கத்து ஒலிபெருக்கி வழியாக.

ரிங்கோ ஸ்டார் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்: காதில் ஒன்றும் விழாததால், முன்னால் நிற்கும் மூவரின் தலையசைவையும் இடுப்பசைவையும் பார்த்துப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பாராம். ஒரு தாளக்காரன் கண்ணால் தாளம் போடுவது என்றால் என்னவென்று வாசிப்பவனுக்குத்தான் தெரியும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். அதே 1966இல் லண்டன் ஒலிப்பதிவுக்கூடத்தில் நாடாவைத் திருப்பி ஓடவிட்டும், சிதார், தம்பூரா சேர்த்தும் இரவெல்லாம் வேலை செய்தார்கள். ஆகஸ்டில் அந்த இசைத்தட்டு வெளிவந்தது. அதே மாதம் அமெரிக்கப் பயணம். அந்தத் தட்டிலிருந்து ஒரு பாட்டைக்கூட மேடையில் வாசிக்கவில்லை. வாசிக்கவும் முடியாது. தன் கையில் இருக்கும் நல்ல சரக்கைக் காட்ட முடியாமல், பழைய சரக்கையே, அதுவும் யார் காதிலும் விழாமல், மாலைக்கு மாலை விற்றுக்கொண்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை சொல்லும் நிமிடத்துக்கு 4,800 டாலரைக் கொடுத்தாலும் எனக்கு அது வேண்டாம். (கொடுக்க யாரும் வரிசையில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.)

---

சோழவந்தான் வெற்றிலை

மிட்டாய்க் கதையை விட்டுவிட்டீர்களே. தனக்கு ஒருவகை ஜெல்லி மிட்டாய் பிடிக்கும் என்று ஜார்ஜ் எங்கோ சொல்லிவைத்தார். இங்கிலாந்தில் அது மெத்தென்று இருக்கும், எறிந்தால் வலிக்காது. அமெரிக்காவில் அதே மாதிரியான மிட்டாய்க்கு மேலே கெட்டியான ஓடு உண்டு. 1964 முழுவதும் மேடையில் கல்மழைதான். வாயைத் திறந்து ஒரு ஆசையைச் சொன்னதற்குத் தண்டனை.

---

சாலையோரம்

புகழின் உச்சியில் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், அங்கே பத்து நாள் மட்டும் இருந்துவிட்டு இறங்கியவரைக் கேட்க வேண்டும். அப்படி ஒருவர் இருந்தார்.

1964 ஜூன் 3. ரிங்கோவுக்குத் தொண்டைச் சதை வீங்கிக் காய்ச்சல், மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் டென்மார்க்கில் கச்சேரி. எப்ஸ்டைனும் இசை தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஜிம்மி நிக்கல் என்ற லண்டன் டிரம்ஸ் கலைஞரைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அன்றே ஒரு சிறிய ஒத்திகை. ரிங்கோவின் மேடை உடையைக் கொடுத்து விமானம் ஏற்றினார்கள். ஜார்ஜ் ஹாரிசன் மட்டும் முரண்டு பிடித்தார். நாலாவது ஆள் வேறு ஒருவரென்றால் அது எங்கள் குழுவே ஆகாது என்றார். பிறகு சமாதானப்படுத்தினார்கள்.

டென்மார்க், நெதர்லாந்து, ஹாங்காங், ஆஸ்திரேலியா. அடிலெய்டில் தெருவெங்கும் திரண்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு மாடத்தில் நின்று கையசைத்த நால்வரில் நிக்கலும் ஒருவர். அதற்கு முந்தைய வாரம் லண்டன் தெருவில் அவரை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மெல்பர்னில் ரிங்கோ வந்து சேர்ந்தார். நிக்கல் விடியற்காலையில் விமான நிலையத்துக்குப் போனார். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்ததால் விடைபெறவில்லை. எப்ஸ்டைன் 500 பவுண்டும் ஒரு தங்கக் கைக்கடிகாரமும் கொடுத்தார். விமானத்துக்காக அவர் தனியே உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. சுற்றிலும் காலி நாற்காலிகள். மறுவருடமே கடனில் மூழ்கித் திவால் ஆனார்.

நிரந்தரமாக உச்சியில் இருந்தவர்களைவிட அந்தப் படத்தில் இருப்பவரை நினைத்தால்தான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

---

கற்பூரவள்ளி

இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. நன்றி.

---

நள்ளிரவு வானொலி

ஒப்பீட்டுக்கு அமெரிக்க ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியையும் பேசலாமா? 1956 ஜூலை தொடக்கத்தில் ஆல்பிரட் வெர்தைமர் என்ற நிழற்படக் கலைஞர் அவரோடேயே சுற்றினார். நியூயார்க்கில் ஜூலை 2 அன்று ஒரே பாட்டை முப்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்பப் பாடிப் பதிவு செய்துவிட்டு, ரயிலில் மெம்ஃபிஸ் திரும்புகிறார். ஊருக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன நிறுத்தத்தில் கோட்டும் சட்டையுமாக இறங்கி, வழியில் ஒரு பெண்ணிடம் வழி கேட்டு, புல்வெளியைக் கடந்து தனியாக வீட்டுக்கு நடந்து போகிறார். வயது 21. துணைக்கு யாரும் இல்லை.

அடுத்த வசந்தத்துக்குள் எல்லாம் மாறிவிட்டது. அவர் வாங்கிய வீட்டு வாசலில் எந்நேரமும் கூட்டம், அக்கம்பக்கத்தார் புகார். 1957 மார்ச்சில் 1,02,500 டாலருக்கு கிரேஸ்லாந்து மாளிகையை வாங்கினார். சுற்றுச்சுவர், இரும்புக் கதவு, கதவருகே காவலுக்குச் சொந்தப் பெரியப்பா.

பீட்டில்ஸ் அறைக்குள் பதுங்கினார்கள். எல்விஸ் பகலை இரவாக மாற்றிக்கொண்டார். பிற்பகலில் எழுவார். மெம்ஃபிஸ் பொழுதுபோக்குப் பூங்காவை மூடிய பிறகு முழு இரவுக்கும் வாடகைக்கு எடுத்து, கூட்டாளிகளோடு மோதுகார் ஓட்டுவார். நள்ளிரவுக்குப் பிறகு திரையரங்கை எடுத்துப் படம் பார்ப்பார். ஊர் தூங்கும்போது அவருக்கு ஊர் திரும்பக் கிடைத்தது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் அப்படியே பழகி, கடைசி வரை அதிலிருந்து வெளியே வரவில்லை. 1977இல் இறந்தபோது வயது 42.

1965 ஆகஸ்ட் 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பீட்டில்ஸ் அவரைப் போய்ப் பார்த்தார்கள். ஒலிப்பதிவும் இல்லை, படமும் இல்லை. எல்விஸ் பாவம், தனியாள். நாங்கள் நால்வர் என்பதால் பிழைத்தோம் என்று ஜார்ஜ் பின்னாளில் சொல்வதுண்டு.

---

தாழ்வாரம்

நள்ளிரவு வானொலி, நான் இழை தொடங்கியபோது தேடிய முனை இதுதான். நால்வர் என்பது.

1963 ஜனவரியில் இன்னும் பெரிய புகழ் வரவில்லை. லண்டனிலிருந்து லிவர்பூலுக்கு வேனில் வரும்போது முன்கண்ணாடி உடைந்துவிட்டது. கடுங்குளிர். உதவியாளர் மால் எவன்ஸ் எதிர்காற்றில் ஓட்டிக்கொண்டே வந்தார். நால்வரும் பின்னால் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கிப் படுத்துக்கொண்டார்கள். மேலே இருப்பவர் விறைத்துப்போனதும் கீழே போவார், அடுத்தவர் மேலே. விஸ்கிப் புட்டி ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது.

அந்த வேனும் மூன்றரை வருடம் கழித்து வந்த தோக்கியோ அறையும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. இடம் பெரிதாகிவிட்டது, தரைவிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் சூட்டில் இன்னொருவர் இருப்பது மாறவில்லை.

---

மல்லிகைப்பந்தல்

நால்வர், நால்வர் என்று உருகுகிறீர்கள். ஐந்தாவதாக வீட்டில் இருந்தவரை யாரும் நினைக்கவில்லை.

ஜான் லெனனுக்கும் சிந்தியாவுக்கும் 1962 ஆகஸ்ட் 23 அன்று பதிவுத் திருமணம். அன்று மாலையே ஜானுக்கு செஸ்டரில் கச்சேரி, போய்விட்டார். நட்சத்திரத்துக்கு மனைவி இருப்பது தெரிந்தால் ரசிகைகள் விலகிவிடுவார்கள் என்று கல்யாணத்தையே மறைத்தார்கள். கர்ப்பமாக இருந்தவர் மறைந்து வாழ்ந்தார். 1963 ஏப்ரல் 8 அன்று மகன் பிறந்தபோதும் கணவர் பயணத்தில். 1964இல் வேபிரிட்ஜில் பெரிய வீடு வாங்கிய பிறகும் வாசலில் ரசிகைகள். புகழ் இவருடையது இல்லை, அடைபட்டது மட்டும் இவரும்தான்.

கூச்சல் போட்ட பெண் பிள்ளைகளை இங்கே ஏதோ வெட்டுக்கிளிக் கூட்டம் போல எழுதுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. பதினான்கு, பதினைந்து வயது. வீட்டில் சத்தமாகச் சிரித்தாலே அதட்டு விழும் காலம். அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்த அவர்களுக்குக் கிடைத்த ஒரே இடம் அது. பாட்டு காதில் விழவில்லை என்று அவர்கள் யாரும் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லையே.

---

ஆர்மோனியப்பெட்டி

அம்மா சொல்வது நியாயம். அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதிலில்லை.

---

பழைய கிராமபோன்

வயது எண்பதை நெருங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோக்கியோவுக்கு அடுத்து மணிலா. 1966 ஜூலை 4, ஒரே நாளில் இரண்டு கச்சேரி, சேர்த்து 80,000 பேர். அன்று காலையில் அதிபரின் மனைவி இமெல்டா மார்க்கோஸ் அரண்மனையில் விருந்து வைத்திருந்தார். அழைப்பு இவர்கள் காதுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. நால்வரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முதல் குடும்பத்தை அவமதித்துவிட்டார்கள் என்று தொலைக்காட்சியில் செய்தி. மறுநாள் காவல் இல்லை, ஓட்டலில் சேவை இல்லை. விமான நிலையத்தில் நகரும் படிக்கட்டையும் நிறுத்திவிட்டார்கள். பெட்டிகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு அடியும் உதையும் வாங்கி விமானத்தில் ஏறினார்கள். ஏறிய பிறகும் மால் எவன்ஸையும் செய்தித் தொடர்பாளர் டோனி பாரோவையும் கீழே இறங்கச் சொன்னார்கள். மால் தன் மனைவிக்குச் சொல்லச் சொல்லிச் செய்தி விட்டுவிட்டு இறங்கினாராம்.

அங்கிருந்து தில்லி. இங்கே நம்மை யாருக்குத் தெரியப் போகிறது, நிம்மதியாகச் சுற்றலாம் என்று ஜார்ஜ் நம்பியிருந்தார். நான் அப்போது தில்லியில் ஒரு அலுவலகத்தில் இளநிலை எழுத்தன், கரோல் பாகில் மூன்று பேரோடு ஒரே அறை. அறைத்தோழன் ஒருவன் சம்பளத்தில் பாதியை இசைத்தட்டில் போடுகிறவன். செய்தி எப்படியோ அவனுக்கு எட்டி, ஓபராய் ஓட்டல் பக்கம் ஓடினான். இரவு திரும்பிவந்து, "கூட்டத்தைத்தான் பார்த்தேன்" என்றான். விமான நிலையத்து வேலிக்கு வெளியிலேயே இளைஞர்கள் பெயர் சொல்லிக் கூவியதைக் கேட்டு ஜார்ஜ் நொந்துபோனார் என்று வெகுகாலம் கழித்துப் படித்தபோது, அந்த வேலியில் இவனும் தொங்கியிருப்பானோ என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தங்கலில்தான் ரிக்கி ராம் கடைச் சிதார் ஒன்று ஜார்ஜ் கைக்கு வந்தது.

---

சோழவந்தான் வெற்றிலை

ஐயா, அந்த நண்பர் அந்தத் தட்டுகளை இன்னும் வைத்திருக்கிறாரா?

---

பழைய கிராமபோன்

அவன் இல்லை. தட்டுகளில் மூன்று என்னிடம் இருக்கின்றன.

---

கணக்குப்பிள்ளை

ஐயா எழுதியதைப் படித்த பிறகு என் வாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். உதை வாங்குவதற்குத் தனிக் கட்டணம் பேசியிருக்க வேண்டும்.

ஒரு சில்லறைத் தகவல்: ஏலத்தில் பீட்டில்ஸ் கையெழுத்து வாங்கப் போகிறவர்கள் கவனம். ஓட்டல் வாசலிலிருந்து கட்டுக்கட்டாக வரும் படங்களில் பலவற்றுக்கு உதவியாளர்கள் நீல் ஆஸ்பினாலும் மால் எவன்ஸும் நால்வரைப் போலவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

---

சாலையோரம்

முடிவையும் யாராவது எழுதுங்கள்.

---

ஆர்மோனியப்பெட்டி

நான் எழுதுகிறேன். 1966 ஆகஸ்ட் 19, மெம்ஃபிஸ். இயேசுவையும் தங்கள் புகழையும் ஒப்பிட்டு ஜான் மார்ச்சில் சொன்ன ஒரு வாக்கியம் அமெரிக்காவில் பற்றி எரிந்துகொண்டிருந்த நேரம், இசைத்தட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். கச்சேரி நடுவே யாரோ பட்டாசைக் கொளுத்திப் போட்டான். வெடித்ததும் நால்வரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள், யாருக்குக் குண்டு பட்டது என்று. வாசிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

பத்து நாள் கழித்து சான் பிரான்சிஸ்கோ, கேண்டில்ஸ்டிக் விளையாட்டரங்கம். 42,500 இருக்கையில் 25,000 பேர்தான் வந்தார்கள். மேடையைச் சுற்றிக் கம்பிவேலி. வெளியே இவர்களை ஏற்றிப்போகக் கவச வண்டி. இதுதான் கடைசி என்று அறிவிக்கவில்லை, அவர்களுக்குள் மட்டும் தெரியும். நிழற்படக் கருவியை ஒலிபெருக்கியின்மேல் வைத்துத் தங்களைத் தாங்களே படமெடுத்துக்கொண்டார்கள். பால் கேட்டுக்கொண்டதால் டோனி பாரோ ஒரு சிறிய கேசட் கருவியில் கச்சேரியைப் பதிவு செய்தார். ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கடைசிப் பாட்டின் நடுவில் நாடா தீர்ந்துவிட்டது.

---

நள்ளிரவு வானொலி

கேசட்டைத் திருப்பிப் போட்டிருக்கக் கூடாதா அந்த மனிதர்!

---

ஆர்மோனியப்பெட்டி

திருப்புவதற்குள் பாட்டு முடிந்திருக்கும். அவர்கள் வேகம் அப்படி.